ஆறு இலக்கமும் அம்மம்மாவும்

வீட்டிலிருந்தபடியே வைத்தியரோடு பேசலாம் என்று சொல்லும் செயலியைத் திறந்தால், அது முதலில் விசாரிப்பது வருத்தத்தை அல்ல, கைத்தொலைபேசி இலக்கத்தை. குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தைத் தட்டியதும், ஆள் சரி என்று கதவு திறக்கும்.

யார் அந்த ஆள்? யாழ்ப்பாணத்து வீடுகளில் இதற்கு விடை சொல்வது சிரமம். கணக்கு அம்மம்மாவின் பெயரில். இலக்கம் கம்பஸுக்குப் போகும் பேரனுடையது. காசு கட்டுவது ரொறன்ரோவில் இருக்கும் மகன். காலை பத்து மணிக்கு வைத்தியர் திரையில் வரும்போது பேரன் விரிவுரையில், மகனுக்கோ நள்ளிரவு. குறுஞ்செய்தி உறுதிப்படுத்துவது சிம் அட்டையைத்தான். முற்றத்தில் கதிரை போட்டுக் காத்திருக்கும் அம்மம்மாவை அல்ல.

ஆனாலும் இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யாழ். போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வந்துபோக ஒரு நாள் முழுதாய்ப் போய்விடும். நெடுந்தீவில் இருப்பவருக்குச் சாதாரண பொத்தான் போனிலும் வந்துசேரும் ஆறு இலக்கம் பெரிய உதவி. நினைவில் வைக்க எதுவுமில்லை. கடவுச்சொல் என்றால் அது கலண்டரின் பின்பக்கத்தில் எழுதப்பட்டுவிடும்.

மாற்று வழிகள் இதைவிடச் சிறப்பாகவும் இல்லை. அடையாள அட்டை இலக்கத்தை இரகசியம் போலக் கேட்பது வேடிக்கை. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் நாட்கணக்கு, பெண்ணென்றால் அதோடு 500. இலக்கத்தைப் பார்த்தவருக்கு வயதும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் தெரியும். கைரேகையோ, வெங்காயத் தோட்டத்தில் தேய்ந்த விரலிலும் பனையேறிக் காய்த்த விரலிலும் அடிக்கடி அடம்பிடிக்கும்.

ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை. பாதுகாப்பற்ற இணைப்பில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பற்றி லெஸ்லி லாம்போர்ட் 1981இலேயே எழுதினார். 2012இல் ‘ஜேர்னல் ஒஃப் மெடிக்கல் சிஸ்டம்ஸ்’ இதழில் ஒரு குழு தொலைமருத்துவத்துக்கென்று ஸ்மார்ட் அட்டை முறையொன்றை முன்வைத்தது. அதே ஆண்டில் அதே இதழில் இன்னொரு குழு அதில் ஓட்டையைக் காட்டித் திருத்தியது. அந்தத் திருத்தத்திலும் வேறொருவர் ஓட்டை கண்டார். கணிதம் கூர்மையானதுதான். ஆனால் அவர்களது வரைபடத்தில் இருப்பது ஒரு பயனர், ஓர் அட்டை, ஒரு சேவையகம். பேரனுக்கு அங்கே இடமில்லை.

என் முறைப்பாடு இங்கேதான். துணைக்கு நிற்பவரைத் திருடனைப் போல ஒளிந்து நுழைய வைக்கிறது இந்த ஏற்பாடு. இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டி, பராமரிப்பவர் வழியாக நடக்கும் ஆலோசனையைத் தனி வகையாகவே ஏற்கிறது. நம் செயலிகளும் பேரனைப் பேரனாகவே உள்ளே விடலாம்: அவருக்கெனத் தனிக் கணக்கு, அம்மம்மாவின் சம்மதம், யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு. அம்மம்மா வேண்டாமென்றால் அன்றே நீக்கவும் வேண்டும். மகனுக்குச் சொல்லாத வருத்தமும் அவரிடம் இருக்கும்.

எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டும் தேவையில்லை. நேரம் பதிய ஆறு இலக்கம் போதும். இன்சுலின் அளவை மாற்றும்போது வைத்தியர் முகத்தைப் பார்த்து, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொல்லட்டும்.

இதெல்லாம் அம்மம்மாவைச் சரிபார்க்க. திரைக்கு மறுபக்கம் இருக்கும் வைத்தியரை அம்மம்மா எப்படிச் சரிபார்ப்பது? மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தை, அம்மம்மா வாசிக்கக்கூடிய எழுத்தில், தமிழில், எத்தனை செயலிகள் முதல் திரையிலேயே காட்டுகின்றன?