திரைப்பாத்திரச் செயலுருவங்களும் மதிப்புரையின் அளவுகோல்களும்: ஸ்டார் வார்ஸ், எக்ஸ்-மென் உருவங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படப் பாத்திரங்களைச் சிறு நெகிழி உருவங்களாக வார்த்து விற்கும் வழக்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வலுப்பெற்றுள்ளது. இவ்வுருவங்களைச் சேகரிப்போரிடையே மதிப்புரை எழுதும் மரபும் உருவாகியுள்ளது. அம்மதிப்புரைகள் பெரும்பாலும் முக ஒற்றுமை, மூட்டுகளின் எண்ணிக்கை, வண்ணப்பூச்சின் நேர்த்தி, விலை ஆகிய நான்கையே அளவுகோல்களாகக் கொள்கின்றன. இவை தேவையானவை எனினும் போதுமானவை அல்ல என்பதையும், செயலுருவத்தைத் திரைப்படத்திற்கு எழுதப்பட்ட ஓர் உரையாகக் கருதி மதிப்பிட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செயலுருவம், பாவை, சேகரிப்பு, மெய்ப்பாடு, உரைமரபு, ஸ்டார் வார்ஸ், எக்ஸ்-மென்

முன்னுரை

விளையாட்டுப் பொருள்கள் திறனாய்வுக்கு உரியவை என்னும் கருத்து புதிதன்று. வால்ட்டர் பெஞ்சமின் 1920களின் இறுதியில் பொம்மைகளின் பண்பாட்டு வரலாறு குறித்து எழுதினார். ரோலான் பார்த் 1957இல் வெளியான தம் நூலில், பிரெஞ்சுப் பொம்மைகள் வளர்ந்தோர் உலகைச் சிறிதாக்கிக் குழந்தையிடம் கொடுப்பதைச் சுட்டிக்காட்டினார். எனினும், திரைப்பாத்திரங்களின் உருவங்கள் குறித்த எழுத்து இன்னும் பெரும்பாலும் வாங்குவோருக்கு வழிகாட்டும் நிலையிலேயே நிற்கிறது. வாங்கலாமா, வேண்டாமா என்னும் வினாவுக்கு விடையளிப்பதோடு அது நிறைவுபெறுகிறது. பாத்திரத்தை அவ்வுருவம் எவ்வாறு பொருள்கொண்டுள்ளது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் வகையும்

1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் உருவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆடை மாற்றக்கூடிய, ஏறத்தாழ ஓரடி உயரமுள்ள அவ்வுருவம் அமைப்பில் பார்பியை ஒத்தது. பெண்குழந்தைகளுக்கு உரியதாகக் கருதப்பட்ட பொருளைக் குறிக்கும் சொல்லால் அதை அழைத்தால் ஆண்குழந்தைகளின் பெற்றோர் வாங்கத் தயங்குவர் என்று நிறுவனம் கருதியது. ஆகவே ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்னும் தொடர் படைக்கப்பட்டது. ஆக, பொருள் மாறாமல் பெயர் மட்டும் மாறியது. பாலினம் குறித்த ஓர் அச்சமே இவ்வகைமையின் பெயருக்கு மூலம் ஆயிற்று.

தமிழில் இப்பாகுபாடு இல்லை என்பது நோக்கத்தக்கது. ‘பொம்மை’ என்னும் சொல் ஆண், பெண் வேறுபாடின்றி உருவங்களையும் வண்டிகளையும் ஒருங்கே குறிக்கும். ‘பாவை’ என்பதோ உருவத்தையும் கண்ணின் மணியையும் குறிக்கும் பழஞ்சொல். விற்பனை உத்தியால் பிறந்த பிரிவினையைத் தமிழ்ச் சொல்வழக்கு தானாகவே மறுத்துவிடுகிறது. வகைமையைத் தனித்துச் சுட்ட வேண்டிய இடங்களில் மட்டும் ‘செயலுருவம்’ என்னும் சொல்லை இக்கட்டுரை ஆள்கிறது.

ஐந்து மூட்டுகளின் அழகியல்

திரைப்பாத்திரச் செயலுருவத்தின் வரலாற்றில் கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் வரிசை திருப்புமுனையாகும். 1977 மே மாதம் படம் வெளியாகிப் பெருவெற்றி பெற்றபோது நிறுவனத்திடம் உருவங்கள் ஆயத்தமாக இல்லை. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பருவத்தில் உருவங்களுக்கு மாறாக ஓர் அட்டை உறையே விற்கப்பட்டது. அதனுள் இருந்த சான்றிதழை அனுப்பினால், அடுத்த ஆண்டில் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு உருவங்கள் அஞ்சலில் வந்து சேரும். பொருளைக் காணாமலே அதன் வாக்குறுதியை மக்கள் விலைகொடுத்து வாங்கினர். பாத்திரத்தின்மேல் கொண்ட பற்றே அங்கு விற்பனைப் பொருளாயிற்று எனலாம்.

அவ்வுருவங்கள் 3¾ அங்குல அளவின. ஓரடி உருவங்களுக்கு ஏற்ற விண்கலம் செய்தால் அது வீட்டில் அடங்காது. உருவத்தைச் சிறிதாக்கியதால் கலங்களும் கோட்டைகளும் விற்கத்தக்க அளவுக்குச் சுருங்கின. கழுத்து, இரு தோள்கள், இரு இடுப்பு மூட்டுகள் என ஐந்து இடங்களில் மட்டுமே மனித உருவங்கள் அசைந்தன. முழங்கால் மடங்காது, முழங்கை வளையாது. முகங்கள் நடிகர்களைத் தொலைவிலிருந்து நினைவூட்டினவேயன்றி ஒத்திருக்கவில்லை.

இன்றைய மதிப்புரையின் அளவுகோல்களால் அளந்தால் இவ்வரிசை தேறாது. ஆயினும் அதுவே 2012இல் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றது. ஏக்கத்தை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும். கென்னர் உருவத்தின் முகத்தில் இவ்வெட்டில் ஒன்றும் உறுதியாகப் பதியவில்லை. ஆகவே எட்டையும் அதன்மேல் ஏற்றிக்கொள்ள இடமிருந்தது. அச்சமும் வெற்றியும் கையில் பிடித்தவரின் குரலிலிருந்து பிறந்தன. குறைவான வடிவமைப்பு விளையாடுபவரின் பங்கைக் கூட்டியது. மூட்டுகளின் எண்ணிக்கையைக் குறையாகக் கணக்கிடும் மதிப்புரை இப்பங்கைக் கணக்கில் கொள்வதில்லை.

இவ்வரிசையின் பிறிதோர் உருவம் மற்றொரு உண்மையை உணர்த்துகிறது. போபா ஃபெட் என்னும் பாத்திரத்தின் உருவம் 1979இல் அஞ்சல்வழிச் சலுகையாக வழங்கப்பட்டது. பாத்திரம் இடம்பெற்ற ‘எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படமோ 1980இல்தான் வெளியாயிற்று. அப்படத்தில் அவன் பேசுவன மிகச் சில தொடர்களே. எனினும் அவன் பெரும்புகழ் பெற்றான். திரை தராத வரலாற்றை, முன்னரே கைக்கு வந்துவிட்ட உருவத்தைக் கொண்டு குழந்தைகள் புனைந்துகொண்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். இங்கு உரை மூலத்திற்கு முந்தியது.

முதலில் திட்டமிடப்பட்டபடி முதுகிலிருந்து பாயும் ஏவுகணை, குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் கைவிடப்பட்டது. விற்பனைக்கு வந்த உருவத்தில் அது அசையாதவாறு ஒட்டப்பட்டிருந்தது. ஏவுகணை பாயும் முன்மாதிரிகளில் ஒன்று 2024இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. குழந்தையின் பாதுகாப்புக்காக விலக்கப்பட்டதே சேகரிப்பவரின் உச்ச விருப்பமாக மாறியது. பயன்பாட்டு மதிப்புக்கும் சேகரிப்பு மதிப்புக்கும் இடையிலான தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

முகத்தின் ஆட்சி

இன்றைய உயர்விலை உருவங்கள் வேறு நெறியைப் பின்பற்றுகின்றன. ஹாங்காங்கைச் சேர்ந்த ஹாட் டாய்ஸ் நிறுவனம் ஆறில் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் உருவங்களைச் செய்கிறது. தோலின் துளைகள், கண்ணின் ஈரம், துணியின் தையல் ஆகியன வியக்கத்தக்க நுட்பத்துடன் அமைகின்றன. ஹாஸ்ப்ரோவின் ஆறங்குல ‘பிளாக் சீரிஸ்’ வரிசையும் பிற்காலத்தில் நடிகரின் முகத்தைக் கணினிவழி அச்சிடும் முறைக்கு மாறியது.

இந்நுட்பம் பாராட்டத்தக்கதே. ஆனால் அது உருவத்தின் பொருளையும் மாற்றிவிடுகிறது. முகம் நடிகரின் ஒரு கணத்தை அப்படியே உறையச் செய்கிறது. பெருமிதம் பதிந்த முகத்தைக் கொண்டு அழுகையை நடத்திக்காட்டுதல் அரிது. முப்பது மூட்டுகள் உடலுக்கு வழங்கும் உரிமையை ஒரு முகம் பறித்துக்கொள்கிறது. மேலும், இவ்வளவு விலையுள்ள பொருளைக் கையாள அஞ்சும் உரிமையாளர், ஒரே நிலையில் நிறுத்தி அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடுகிறார். மூட்டுகள் மிகுந்தும் அசைவு குறைந்த இம்முரண் மதிப்புரைகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

ஜப்பானின் பண்டாய் நிறுவனம் தன் ‘எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ்’ வரிசையின் பல உருவங்களில் மாற்றிப் பொருத்தத்தக்க முகங்களையும் கைகளையும் தருகிறது. சினமும் சிரிப்பும் தனித்தனி முகங்களாகப் பெட்டியில் உள்ளன. மெய்ப்பாட்டைத் தேரும் உரிமை ஓரளவு உரிமையாளரிடமே திரும்புகிறது. நடிகரின் தோற்றத்தைக் காட்டிலும் பாத்திரத்தின் இயல்பை முதன்மையாகக் கொள்ளும் அணுகுமுறையாக இதைக் கருதலாம். ஒற்றுமை என்னும் அளவுகோலை ‘யாரோடு ஒற்றுமை?’ என்று பகுத்துக் கேட்க வேண்டியதன் தேவையை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

நீதிமன்றத்தில் ஒரு திறனாய்வு

செயலுருவம் எதைக் குறிக்கிறது என்னும் வினா ஒருமுறை நீதிமன்றத்திலேயே எழுந்தது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் அக்காலத்தில் மனிதரை மட்டும் குறிக்கும் உருவங்களுக்கு 12 விழுக்காடும், மனிதரல்லாத உயிர்களைக் குறிக்கும் பொம்மைகளுக்கு 6.8 விழுக்காடும் இறக்குமதி வரி விதித்தது. மார்வெல் பாத்திரங்களை உருவங்களாக இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், எக்ஸ்-மென் முதலியோர் மனிதர் அல்லர் என வாதிட்டது. 2003இல் சர்வதேச வணிக நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. நகங்கள், இயந்திர உறுப்புகள் போன்ற இயல்புகளை நீதிபதி உருவம் உருவமாக ஆராய்ந்து அம்முடிவுக்கு வந்தார்.

வரி குறைந்தது, ஆனால் கதையின் அடித்தளம் தகர்ந்தது. 1963 முதல் எக்ஸ்-மென் கதைகள், பிறப்பால் வேறுபட்டோரும் மனிதரே என்றும், அவர்களை மனிதரல்லர் என ஒதுக்குவதே கொடுமை என்றும் தொடர்ந்து பேசிவந்தன. தொலைக்காட்சித் தொடரும் 2000இல் வெளியான திரைப்படமும் இக்கருவையே கொண்டவை. அக்கதையின் பகைவர்கள் கூறியதையே அக்கதையால் பொருளீட்டிய நிறுவனம் நீதிமன்றத்தில் கூறியது. சட்ட நோக்கில் தீர்ப்பு முறையானதாக இருக்கலாம். திறனாய்வு நோக்கில், உருவத்தின் புறத்தோற்றத்தை மட்டும் அளப்பவர் பாத்திரத்தின் பொருளுக்கு நேர்மாறான முடிவை அடையக்கூடும் என்பதற்கு அது சான்றாகிறது. வழக்கமான மதிப்புரையும் புறத்தோற்றத்தையே அளக்கிறது என்பதை இங்கு நினைத்தல் வேண்டும்.

இல்லாத உருவங்கள்

செய்யப்பட்ட உருவத்தை மட்டும் மதிப்பிடுவோர் செய்யப்படாததைக் காண்பதில்லை. கென்னரின் முதல் 12 உருவங்களில் லேயா ஒருத்தியே பெண். 2015இல் வெளியான ‘ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தின் மையப் பாத்திரம் ரே என்னும் பெண். அவளுக்குத் தனி உருவங்கள் இருந்தபோதிலும், பல பாத்திரங்களை ஒருங்கே தந்த தொகுப்புகள் சிலவற்றில் அவள் இல்லை. அப்படத்தையொட்டி வெளியான மொனாப்பலி ஆட்டத்தின் நான்கு காய்களிலும் அவள் இடம்பெறவில்லை. கதையின் திருப்பம் முன்கூட்டியே வெளிப்படாதிருக்கவே அவ்வாறு செய்ததாக ஹாஸ்ப்ரோ விளக்கியது. எதிர்ப்பு வலுத்தபின் 2016இல் அவளைச் சேர்ப்பதாக அறிவித்தது. ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பாய்பவள் பிளாக் விடோ. பொம்மைத் தொகுப்பில் அவ்விருக்கையில் அமர்ந்தவரோ கேப்டன் அமெரிக்கா.

இதன் விளைவு படத்தையும் தாக்கும். 2013இல் வெளியான ‘அயர்ன் மேன் 3’ படத்தின் இயக்குநர் ஷேன் பிளாக், எதிர்நிலைப் பாத்திரம் முதலில் பெண்ணாகவே எழுதப்பட்டிருந்தது என்றும், பெண் உருவம் விற்காது என்னும் கணிப்பால் அது ஆணாக மாற்றப்பட்டது என்றும் பின்னர் ஒரு நேர்காணலில் தெரிவித்தார். உருவம் திரையின் நிழலாக மட்டும் இருப்பதில்லை. சில வேளைகளில் திரையே உருவத்தின் நிழலாகிறது. ஆண்குழந்தையின் பொம்மைக்கு வேறு பெயர் சூட்டிய 1964இன் அச்சம் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் திரைக்கதையைத் திருத்தியது என்பது வருந்தத்தக்கது.

உரையாகக் கொள்ளுதல்

திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டதாக மரபு கூறும். அவற்றை மதிப்பிடுவோர் மூலத்தின் சொற்களை உரை திருப்பிச் சொல்கிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எதை விரித்தது, எதைச் சுருக்கியது, எதைக் கூறாமல் விட்டது, கற்போருக்கு எவ்வளவு இடமளித்தது என்பனவற்றையும் பார்க்கின்றனர். செயலுருவத்திற்கும் இவ்வணுகுமுறை பொருந்தும். பாத்திரத்தின் எந்தக் கணத்தைச் சிற்பி தேர்ந்தார்? எந்தத் துணைப்பொருளைக் கையில் கொடுத்தார்? வரிசையில் யார் விடுபட்டனர்? வைத்திருப்பவருக்கு என்ன செய்ய இடமுண்டு? இந்நான்கு வினாக்களும் முன்னர்க் கூறிய நான்கு அளவுகோல்களோடு சேர்தல் வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு தடை எழக்கூடும். வாங்குவோருக்கு வேண்டியது பொருளின் தரம் குறித்த செய்தியே. பண்பாட்டு விளக்கம் அன்று என்பர். கழலும் மூட்டையும் பிசுபிசுக்கும் நெகிழியையும் எச்சரிப்பது மதிப்புரையின் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாத்திரத்தின்மேல் கொண்ட பற்றினாலேயே மக்கள் இவற்றை வாங்குகின்றனர். 1977இல் உருவமே இல்லாத உறையை வாங்கியோர் அதை உறுதிப்படுத்தினர். அப்பற்றுக்கு உருவம் நேர்மையாக இருக்கிறதா என்று ஆராய்வதும் வாங்குவோரின் நலன் சார்ந்ததே.

முடிவுரை

ஒற்றுமை, மூட்டு, வண்ணம், விலை என்னும் அளவுகோல்கள் பொருளை அளக்கின்றன, பாத்திரத்தை அளப்பதில்லை. ஐந்து மூட்டுகளே உடைய உருவம் விளையாட்டுக்கு மிகுந்த இடமளித்ததும், நுட்பம் மிகுந்த உருவம் பேழைக்குள் அசைவிழப்பதும், மனிதர் எனப் போராடும் பாத்திரங்கள் வரியின் பொருட்டு மனிதர் அல்லர் ஆனதும், மைய நாயகி தொகுப்பில் விடுபட்டதும் அவ்வளவுகோல்களுக்கு அகப்படாதவை. செயலுருவத்தை உரையாகக் கொள்ளும் மதிப்புரை இவற்றைக் காணும். பெட்டிக்குள் இருப்பதை மட்டுமன்றிப் பெட்டிக்கு வெளியே விடப்பட்டதையும் கணக்கில் கொள்ளும்போதே அத்தகைய எழுத்து திறனாய்வு என்னும் பெயருக்கு உரியதாகும்.