பன்னிரண்டு குதிரையும் ஒரு பிரேக்கும்

பழைய பைக் பைத்தியம் பிடித்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தே நிமிஷத்தில் 'ஆர்.டி. 350' வந்துவிடும். பத்தாவது நிமிஷத்தில், "பவரைக் குறைச்சு நம்மளை ஏமாத்திட்டாங்க சார்" என்ற புலம்பலும் வரும்.

புலம்பலில் நியாயம் இருக்கிறது. 1973-இல் யமஹா கொண்டுவந்த ஆர்.டி. 350-இன் 347 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொடுத்தது 39 குதிரைத்திறன். 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதையே 'ராஜ்தூத் 350' என்று இங்கே தயாரித்தபோது 30.5 ஆகிவிட்டது. அது 'ஹை டார்க்'. அப்புறம் மைலேஜுக்காக இன்னும் இழுத்துப் பிடித்து, 'லோ டார்க்' என்று ஒன்று விட்டார்கள். அது 27. ஆக, கடல் தாண்டி வந்ததில் பன்னிரண்டு குதிரைகளைக் காணோம்!

காணாமல் போன குதிரைகளைத் தேடிப் பிடிப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் ராவி அகலப்படுத்துவார்கள். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார்கள். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்ஸர் வெறும் புகைபோக்கி இல்லை. வெளியே போன அழுத்த அலை திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும். சூட்சுமமே அந்த வயிற்றில்தான்.

இந்த வித்தையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு இழுப்பு அதிகமாக ராவினால் பிஸ்டன் ரிங் போர்ட்டில் மாட்டி உடையும். ராவிய இரும்பு திரும்ப வளராது. ஜெட் சிறியதாகப் போனால், சூடேறி எஞ்சின் சீஸ். இதையெல்லாம் தாண்டி 39-ஐத் தொட்ட மெக்கானிக் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை.

என் புகார் வேறு.

நான் படித்தது பி.காம். வரவு எழுதினால் பற்று எங்கே என்று தேடுவது பழக்கதோஷம். ஜப்பான் வண்டியையும் நம்ம ஊர் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அதில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இதில் செலவை மிச்சப்படுத்த 7 அங்குல டிரம். அதாவது, குறைந்தது பவர் மட்டும் இல்லை. பிரேக்கும் குறைந்தது.

பவர் போனதற்கு இத்தனை வருஷமாகப் புலம்புகிறோமே, பிரேக் போனதற்கு எத்தனை பேர் புலம்பினோம்? குதிரையைத் தேடி ஓடியவர்களில் பலர் கடிவாளத்தைத் தேடவில்லை. 27-க்கே திணறிய டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு, 39-ஐ அவிழ்த்துவிட்டார்கள். 'ஆர்.டி. என்றால் ரேபிட் டெத்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

பள்ளிக்கூட பௌதிகம்தான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்!

நாம் கும்பிடும் ஜப்பான்காரர்களே இதை யோசித்தவர்கள். அங்கே கார் கம்பெனிகள் 1989-லிருந்து 2004 வரை தங்களுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு வைத்திருந்தன. உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைக்கு மேல் சொல்லிக்கொள்வதில்லை. சாலை விபத்துகள் பற்றிய கவலைதான் காரணம். நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். போன்ற கார்கள் காகிதத்தில் 280, நிஜத்தில் அதற்கும் மேல் என்பது வேறு விஷயம். 'ஜப்பான் பவர்' என்று நாம் துரத்தும் நம்பர் அங்கேயும் வேதவாக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இந்தப் பவரை எந்த ரோட்டில் ஓட்டப் போகிறோம்? சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்புகிறவர்கள் பலருக்கு செஞ்சிக் கோட்டை ஒரு குறி. திண்டிவனத்தில் திரும்பி செஞ்சிப் பக்கம் போகும்போது, மேல்சித்தாமூருக்குக் கிளைச் சாலை பிரியும். அந்த மாதிரி கிராமத்து ரோட்டில் அறுவடைக் காலமானால் பாதி ரோட்டில் நெல் காயும். மீதியில் ஆடு, மாடு, டிராக்டர், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள். மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். எறும்புக்கும் தீங்கு நினைக்காத மதம். அங்கே ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால், அகிம்சையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உங்கள் பிரேக் ஷூவுக்குத்தான். போர்ட்டிங்குக்கு இல்லை.

சட்டமும் ஒத்துழைக்காது. கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேகம்தான் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே எதிரே ஆட்டுக்குட்டி வராது.

இன்றைக்கு லட்சக்கணக்கில் கொடுத்து பழைய ஆர்.டி. வாங்குகிறார்கள். தாராளமாக வாங்குங்கள். அந்த இரட்டை சிலிண்டர் சத்தம் கேட்டால் எனக்கும் தலை தானாகத் திரும்பும். ஆனால், "நம்ம வண்டி ஜப்பான் பவர் சார், முப்பத்தொன்பது!" என்று யாராவது பெருமையடித்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"எண்பதுல போனா, எத்தனை அடியில நிக்கும்?"