மாங்குளம் தேடி வந்த இந்திரா

ஜெனரேற்றர் இரைச்சலுக்கு மேலாகத்தான் அந்தப் படத்தைப் பார்த்தோம். 2002ஆம் ஆண்டு. வளவில் பாய் விரித்து, மேசைமேல் ரீவியை ஏற்றி, அயலட்டை எல்லாம் கூடியிருந்தது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' தொடங்கி மாங்குளம் என்ற பெயர் வந்ததும் பின்னுக்கு நின்ற பெடியள் ஆரவாரம் செய்தார்கள். இருக்காதா? ஏ9 வீதியில் முல்லைத்தீவுக்குத் திரும்புகிற எங்கள் சந்தி, மணிரத்னம் படத்தில்! பிறகு காட்டைக் காட்டினார்கள். பாலையும் இல்லை, வீரையும் இல்லை, எங்கள் மண்ணின் வறட்சியும் இல்லை. "இது எந்த மாங்குளமடா?" என்று ஒரு ஐயா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை அடக்கியது கதை அல்ல, சிம்ரன்.

படம் பெப்ரவரி 14இல் வெளியானது. எட்டு நாள் கழித்துப் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. வன்னிக்கு ஒரு குடும்பம் பிள்ளையின் தாயைத் தேடி வருகிற கதையை, பாதை திறந்து ஆட்கள் உறவுகளைத் தேடி வந்துகொண்டிருந்த அதே காலத்தில் நாங்கள் பார்த்தோம்.

சிம்ரன் மும்பைப் பெண், பஞ்சாபிக் குடும்பம். மொடலிங் செய்து, தூர்தர்ஷனில் 'சூப்பர்ஹிட் முக்காப்லா' பாட்டு நிகழ்ச்சியை வழங்கி, 1995இல் இந்திப் படத்துக்குள் நுழைந்தார். 1997இல் 'ஒன்ஸ்மோர்', 'வி.ஐ.பி.', 'நேருக்கு நேர்' என்று ஒரே ஆண்டில் தமிழில் கால் ஊன்றிவிட்டார். அப்போது அவருக்குத் தமிழ் தெரியாது. பல படங்களில் நாம் கேட்டது சவிதா ரெட்டியின் குரல். அப்படியென்றால் சிம்ரனிடம் எது சிம்ரன்? உடம்புதான். இடுப்பைப் பற்றி எழுதியே பத்திரிகைகள் களைத்துப்போயின. நான் பார்ப்பது கழுத்தையும் தோளையும். வெளிச்சம் எங்கே விழுகிறது, கமரா எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பது மொடலுக்குத் தோலால் தெரியும். அந்த அறிவை அழகு காட்ட மட்டும் செலவழித்தவர்கள் அநேகம். சிம்ரன் அதை நடிப்புக்கு முதலாக்கினார்.

1999இல் வந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். 'துள்ளாத மனமும் துள்ளும்' ருக்மணி பார்வையை இழந்தவள். கண்ணைப் பாவிக்காமல் கமராவுக்கு முன்னால் நிற்க வேண்டும், மொடலாக இருந்தவருக்கு அது பாதி ஆயுதத்தைக் கீழே வைப்பது மாதிரி. 'வாலி' பிரியாவுக்கு நேரெதிர்ச் சிக்கல். கணவனின் அண்ணன் தன்மேல் ஆசை வைத்திருப்பது அவளுக்குத் தெரியும், கணவனோ நம்பமாட்டான். அஜித்தின் இரட்டை வேடத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்த அண்ணனைப் பயங்கரமானவனாக நம்மை நம்பவைப்பது இந்தப் பெண்ணின் முகத்தில் ஏறுகிற பயம் என்பது என் கட்சி.

இனி 'கன்னத்தில் முத்தமிட்டால்' இந்திரா. கவர்ச்சி நாயகியாக உச்சத்தில் இருந்தபோது, இருபத்தைந்து வயதில், மூன்று பிள்ளைகளின் தாயாக நடிக்க ஒப்புக்கொண்டார். ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவுக்கு அவள் தத்துப்பிள்ளை என்று சொல்லிவிடுகிறார்கள். அதன்பிறகு பிள்ளை கேட்பதெல்லாம் பெற்றவளை. வளர்த்தவள் அதைக் கோபமாகவும் காட்டமுடியாது, அழுகையாகவும் காட்டமுடியாது. கடைசியில் மழைக்குள் நடக்கிற சந்திப்பைப் பாருங்கள். அமுதா கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். கலங்கி உடைவது பெற்றவளாக வரும் நந்திதா தாஸின் பங்கு. அவருடைய பேச்சில் எங்கள் தமிழ் பாதிதான் வந்தது என்ற குறை எனக்கு இன்னும் உண்டு, முகத்தில் குறையில்லை. சிம்ரனுக்கு அந்த இடத்தில் பெரிய வேலை ஒன்றும் கொடுக்கப்படவில்லை, நிற்பதைத் தவிர. பிள்ளை போய்விடுமோ, போனால் தடுக்க எனக்கு உரிமை உண்டோ என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். தமிழ் நாயகிகள் அழுது வாங்கிய கைதட்டுகள் ஏராளம். இப்படி நின்று வாங்கியவர்கள் குறைவு. பிலிம்பேர் விருது அவருக்குக் கிடைத்தது, சரிதான்.

2003இல் திருமணம். பிறகு ஜெயா தொலைக்காட்சியில் 'சிம்ரன் திரை', புதுயுகத்தில் 'அக்னிப் பறவை' என்று சின்னத்திரைக்கும் வந்தார். சீரியலின் பின்னணி இசை அவருடைய மௌனத்துக்கு இடம் விடாது. 'வாரணம் ஆயிர'த்தில் சூர்யாவுக்கு மனைவியாகவும் அம்மாவாகவும் வந்தது தனிக்கதை.

2025 மே 1இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டு, இராமேஸ்வரம் கரையில் இறங்குகிற குடும்பம். சசிகுமார் தர்மதாஸ், சிம்ரன் வசந்தி. சென்னையில் பிடிபடாமல் இருக்க அவர்கள் தங்கள் பேச்சை மறைக்க வேண்டும். தமிழ் தெரியாமல் கடன்குரலில் தமிழ்ப்பெண் ஆனவர், இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தன் தமிழை ஒளிக்கிற பெண்ணாக நடிக்கிறார். 2002இல் எங்களைத் தேடி வந்த இந்திரா, இப்போது எங்களிலிருந்து புறப்பட்டுப் போகிற வசந்தி.

இம்முறை ஜெனரேற்றர் இல்லை. வீட்டு விறாந்தையில், கைபேசியில் பார்த்தோம். அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிக்குப் பெயர் முள்ளி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. அம்மா மட்டும், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னா.