நூலுக்கும் பெயருக்கும் நடுவே

இலங்கையின் கைத்தறிக்கு இன்று உலகம் அறிந்த ஒரு வண்ண அடையாளம் உண்டு. அதைத் தந்த பார்பரா சன்சோனி பள்ளிப் படிப்பைக் கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்ட்டில் படித்தவர். 1928இல் கண்டியில் பிறந்தார். டச்சுப் பறங்கியர் வழிவந்த குடும்பம். ஓவியம் கற்க லண்டன் போனார், செல்சி கலைப்பள்ளியில் பயின்றார். ஊர் திரும்பியபின் அவர் கையில் இருந்தது தறியல்ல, பென்சில். விகாரைகள், பழைய பங்களாக்கள், வீட்டுத் திண்ணைகள் என்று தீவின் கட்டடங்களை அலைந்து அலைந்து வரைந்தார். அந்தக் கோட்டோவியங்களின் தொகுப்பு 1978இல் நூலாக வந்தது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, ஓவியர் லக்கி சேனநாயக்க, துணிக் கலைஞர் ஏனா டி சில்வா ஆகியோர் சூழ்ந்திருந்த கொழும்புக் கலை வட்டம் அவருடையது.

துணிக்கு அவரை இழுத்தவர் குட் ஷெப்பர்ட் சபையின் அயர்லாந்துக் கன்னியாஸ்திரி மதர் குட் கவுன்சல். கன்னியர் மடத்தில் ஏழைப் பெண்கள் நெசவு பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நெய்வதற்கு வடிவம் தரவேண்டும் என்ற வேண்டுகோளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1964இல் 'பேர்ஃபுட்' என்ற அவரது கைத்தறி நிறுவனம் பிறந்தது.

இந்தத் தொடக்கத்தை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வடிவமைப்பாளரின் கனவிலிருந்து தொடங்கி, அதை நிறைவேற்றும் கைகளைப் பிறகு தேடிப் போகின்றன. இங்கே கைகள் முன்னே வந்தன. அவையும் புதிதாகத் தறி பழகிய கைகள். நுட்பமான கரை, கொடி, பூ எல்லாம் அவர்களிடம் கேட்க முடியாது. பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று மாறும் சாதா நெசவே போதும். மிச்ச வேலையை வண்ணம் பார்த்துக்கொள்ளும் என்ற முடிவுக்கு அவர் வந்திருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. பேர்ஃபுட் துணியைக் கையில் எடுத்தவர்களுக்கு இது விளங்கும். வரி, கட்டம், மறுபடி வரி. ஆனால் சிவப்புப் பாவில் நீல ஊடை ஓடும்போது, எட்ட நின்று பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் கலந்து ஊதா எழுகிறது. எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல், எத்தனை இழை என்ற வரிசையில்தான் வடிவமைப்பு முழுவதும் இருக்கிறது. அந்த வரிசையை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால், கிராமத்து நெசவு மையத்தில் உள்ள பெண் அதைப் பிசகாமல் நெய்துவிட முடியும். பயிற்சிக் குறைவு என்று மற்றவர் கண்டதை ஒரு பாணியின் அடித்தளமாகவே ஆக்கியதுதான் சன்சோனியின் பெரிய சாதனை.

அதனால்தான் அந்தத் தொழில் அடுத்த தலைமுறைக்கும் கைமாறியது. மகன் டொமினிக் சன்சோனி புகைப்படக் கலைஞர். கொழும்பு காலி வீதிக் கடை அவர் காலத்தில் புத்தகக் கடை, ஓவியக் கூடம், முற்றத்து உணவகம் என விரிந்தது. பார்பரா 2022இல் மறைந்தார். வண்ண வரிசைகள் தாளிலும் நெசவுப் பெண்களின் பழக்கத்திலும் ஏற்கெனவே இறங்கியிருந்தன. ஒருவர் மறைவோடு தீர்ந்துபோகும் ரகசியமாக அவை இல்லை.

அவருடைய சமகாலத்தவர் ஏனா டி சில்வாவும் குடும்பத்தோடுதான் தொடங்கினார். மகனும் லக்கி சேனநாயக்கவும் உடனிருக்க, 1960களில் பாட்டிக் துணி செய்யத் தலைப்பட்டார். பாவா கட்டிய பென்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையில் விரிந்த அவரது பாட்டிக் இலங்கை நவீனக் கலையில் தனி இடம் பெற்றது. பின்னர் மாத்தளைக்கு அருகே தம் பூர்வீக ஊரான அலுவிகாரைக்குப் போய், ஊர்ப் பெண்களோடு தையலும் பாட்டிக்குமாக வாழ்ந்தார். 2015இல் இறந்தார். கலை என்ற அளவில் சன்சோனியைவிட ஏனா துணிச்சலானவர் என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டிக்கில் மெழுகு ஓடும் கோடு வரைபவரின் மணிக்கட்டோடு ஒட்டியது. தாளில் குறித்து இன்னொருவரிடம் தருவது கடினம்.

இந்தியாவில் இவர்களுக்கு இணையாகச் சொல்லப்படுபவர் வடிவமைப்பாளர் ரித்து குமார். 1944இல் அமிர்தசரஸில் பிறந்து, 1969வாக்கில் கல்கத்தாவுக்கு அருகே நான்கு அச்சுத் தொழிலாளர்களோடு மர அச்சுத் துணி செய்யத் தொடங்கியவர். ஜர்தோசி வேலைப்பாட்டுக்கு மறுவாழ்வு தந்தவர்களில் முதன்மையானவர். இந்திய அரச குடும்பங்களின் ஆடைகளை ஆராய்ந்து 1999இல் அவர் வெளியிட்ட நூலை, தொழில்முனைவோர் ஒருவர் தம் துறைக்குச் செலுத்திய கடனாகவே நான் காண்கிறேன். 2013இல் பத்மஸ்ரீ. மகன் அம்ரீஷ் தொழிலுக்குள் வந்தார். 2021இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் அந்த நிறுவனத்தின் 52 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. பெயர் கடைப் பலகையில் அப்படியே நிற்கிறது; பெரும்பான்மை குடும்பத்திடம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கடை எண்ணிக்கை பெருகும்போது முதலீடு வேண்டும், முதலீடு உரிமை கேட்கும். ஆனால் 'குடும்பத் தொழில்' என்று நாம் எழுதும்போது குடும்பத்தின் கையில் எது இருக்கிறது என்பதைக் கேட்டாக வேண்டும்: பங்கா, பெயரா, வேலை அறிவா?

தமிழ்நாட்டில் விடை வேறு வகையில் அமைகிறது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த நல்லி சின்னசாமி செட்டி 1928இல் தியாகராய நகரில் தொடங்கிய கடையை, பேரன் குப்புசாமி செட்டி 1956இல் பதின்பருவத்திலேயே ஏற்று வளர்த்தார். பின்வந்த தலைமுறையில் அவருடைய பேத்தி லாவண்யா நல்லி. இங்கே கடைக்குப் பெயர் உண்டு. பட்டுக்குப் பிறந்த ஊரின் பெயர் உண்டு. காஞ்சிபுரப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோத்துச் சேர்க்கும் கோர்வை வேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நாடா மூன்று ஓடும். அவ்வளவு நுட்பமான வடிவ அறிவு குடும்பங்களுக்குள்ளேயே கைமாறி வந்திருக்கிறது. ஆயினும் அந்தப் புட்டாவை, அந்தக் கரையை முதலில் யோசித்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. பத்மசாலியர் நெசவுச் சமூகம் பற்றி ஆர்த்தி கவ்ளரா 2018இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல் இந்த இடத்தில் பெரிய உதவி. நெசவாளரை வெறும் கூலிக்காரராக அது காணவில்லை, அறிவுடையவராகக் காண்கிறது. அப்படியொரு நூல் தமிழிலேயே எழுதப்பட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

தறியிலிருந்து இழையை நோக்கி இன்னும் பின்னால் போனால் தர்மபுரி வருகிறது. பெங்களூரு – சேலம் நெடுஞ்சாலையில் காரிமங்கலத்தைக் கடப்பவருக்கு இது நெசவு ஊர் என்று தோன்றாது. ஆனால் பட்டின் கதை இந்த மாவட்டத்தில் இருப்பதுபோன்ற மல்பெரித் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. தர்மபுரி பட்டுக்கூடு ஏல அங்காடி மாநிலத்தின் பெரிய கூடு அங்காடிகளுள் ஒன்று. இங்கே குடும்பத் தொழில் என்பதற்கு நேர்ப்பொருளே இருக்கிறது. புழு வளரும் ஏறத்தாழ 25 நாளும் வீட்டில் ஒருவராவது புழுமனையை விட்டு நகர முடியாது. கணவன் தழை வெட்டினால் மனைவி தழை போடுவாள், கிழவி படுக்கை சுத்தம் செய்வாள். நான்கு முறை தோலுரித்த புழு கூடு கட்டும்போது, ஒரே கூட்டில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இழை ஒற்றை ஓட்டமாக இருக்கும். நல்ல வெண்பட்டுக்கூடு 6 முதல் 7 கிலோ இருந்தால் ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்கும். சூடு தாங்காமல் புழு நோயில் விழுந்தால் மொத்த வளர்ப்பும் போய்விடும். இத்தனைக்கும் பிறகு கூடு கிலோ கணக்கில் ஏலத்தில் போகிறது, அத்தோடு ஊர்ப்பெயரும் போய்விடுகிறது.

ஆகவே இத்துறையை ஆராய்பவர்கள் வடிவமைப்பாளரின் வாழ்க்கையைச் சேலையிலிருந்து தொடங்குவதை நான் ஏற்கவில்லை. இழையின் பருமன் சீராக இல்லையென்றால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். எந்த வண்ணத் திட்டமும் அங்கேயே குலைந்துவிடும். அந்தச் சீரைப் புழுமனையின் ஈரமும் தழையின் தரமும் முடிவு செய்கின்றன. முதல் வடிவமைப்பு முடிவை எடுப்பவர் அந்தப் புழுமனைப் பெண்தான் என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை.

காரிமங்கலம் வட்டாரத்தில் ஒரு சன்சோனி உருவாக வேண்டுமென்றால் முதலில் வேண்டியது ஓவியப் பள்ளி அல்ல. கூட்டை ஏலத்துக்கு விடாமல் ஒரு பங்கையாவது இங்கேயே நூற்கும் இயந்திரம், முறுக்கேற்றும் கூடம், ஒரு சாயத்தொட்டி, நான்கு தறி. அதற்குப் பிறகு, பள்ளி முடித்து வீட்டில் இருக்கும் பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்து தறி பழக்க ஒருவர். 1964இல் கொழும்பிலும் வரிசை அதுதான்: தறியில் பெண்கள் உட்கார்ந்த பிறகே பென்சில் வந்தது.