கப்பலில் ஆடும் மங்காத்தா

கோவாவுக்குப் போய்க் கேசினோ ஆடிவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நியாயத்தைத்தான் சொல்கிறார்கள். சினிமாவுக்குப் போனால் காசு செலவாகவில்லையா, ஊட்டிக்குப் போனால் ஆகவில்லையா, அதுபோல இதுவும் ஒரு செலவு. மனசுக்குச் சந்தோஷம் கிடைத்தது, போட்ட காசுக்கு அது போதும் என்பார்கள். சூது கெட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் இந்த நியாயத்துக்குப் பதில் சொல்வதே இல்லை. திருக்குறளின் 94ஆவது அதிகாரம் முழுக்கச் சூதைப் பற்றியது. அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தான் இன்று கோவா வண்டி ஏறுகிறார்கள். ஆகவே அவர்கள் சொல்கிற நியாயத்தையே எடுத்துத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் கொல்லிமலை பைல் நாட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றி, ஊடே காப்பி போட்டுப் பிழைக்கிறவன். கீழ்நாட்டு நண்பர்கள் பணஜிக்குப் புறப்பட்டபோது நானும் கூடப் போனேன். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவர் ஒருவர். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர். அவரிடம் லாரி ஓட்டும் பையன் ஒருவன். மாண்டோவி ஆற்றங்கரையில் நுழைவுச்சீட்டு வாங்கி, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, படகில் ஏறி, ஆற்றுக்குள் நிற்கும் கப்பலுக்குப் போனோம்.

அங்கே கிடைக்கிற பரபரப்பு பொய்யில்லை. ரூலெட் சக்கரத்தில் குண்டு ஓட ஆரம்பித்ததும் மேசையைச் சுற்றி நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். குண்டு வேகம் குறைந்து, தடுப்புகளில் தட்டித் தட்டி எகிறி, ஒரு குழியில் விழப்போய், அடுத்த குழிக்குத் தாவுகிறது. அந்தச் சில நொடிகளில் ரிக் முதலாளிக்கும் லாரிப் பையனுக்கும் வித்தியாசமில்லை. வருஷமெல்லாம் பிறர் சொன்ன இடத்துக்கு வண்டி ஓட்டுகிற பையன், எந்த எண்ணில் காசு வைப்பது என்று தானே முடிவு செய்கிறான். அந்த முடிவுக்காகப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறார்கள். அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதைக் கணக்கில் சேர்க்காமல் கேசினோவைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது நேர்மையாகாது.

பண்ணைக்காரர் சக்கரத்துக்குப் பக்கத்தில் மின்பலகை இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அதில் கடைசியாக விழுந்த எண்கள் வரிசையாக ஓடும். சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தார். “செவப்பு அஞ்சு தடவ வந்துருச்சு, இனிக் கறுப்புத்தான் வரோணும்” என்றார். முட்டை விலை ஏறுவதையும் இறங்குவதையும் குறித்துவைத்துத் தொழிலில் முன்னுக்கு வந்தவர். முட்டை விலைக்கு ஒரு போக்கு உண்டு: புரட்டாசியில் தின்கிறவர்கள் குறைவார்கள், குளிர்காலத்தில் வடக்கே கிராக்கி கூடும். சக்கரத்துக்கு அப்படி எந்த நினைவும் கிடையாது. 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று நம்பிப் பணம் வைத்தவர்கள் அன்று பெரும் தொகையை இழந்தார்கள். அந்த எண் வரிசையால் ஆடுகிறவருக்குப் பயனிருந்தால், கேசினோக்காரர் அதைச் சும்மா காட்டுவாரா? கூர்மையான ஒரு மனிதரின் வாழ்நாள் பழக்கத்தை அந்தப் பலகை அவருக்கு எதிராகவே திருப்பிவிடுகிறது.

இனிக் கணக்கு. ஒற்றைச் சுழி உள்ள சக்கரத்தில் 37 குழிகள். சிவப்பிலோ கறுப்பிலோ வைத்தால் ஜெயிக்க 18 வழி, தோற்க 19 வழி. கேசினோவின் பங்கு 100க்கு 2.7. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்தப் பங்கு, கையில் கொண்டுபோன பணத்துக்கு ஒரு முறை மட்டும் பிடிக்கிற கழிவு அல்ல. மேசையில் வைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒவ்வொரு முறையும் பிடிப்பது. சுற்றுக்கு 1000 ரூபாய் என்று 200 சுற்று ஆடுகிறவர் 2 லட்சத்தை மேசையில் உருட்டியிருக்கிறார். சராசரியாக அவர் இழப்பது சுமார் 5400 ரூபாய். அதே ஆட்டத்தை ஆடும் பத்துப் பேரில் மூன்று பேர் லாபத்தோடுதான் எழுந்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பும் வண்டியில் வழியெல்லாம் பேசுகிறவர்கள் அந்த மூன்று பேர். மற்ற ஏழு பேர் தூங்குகிறார்கள், அல்லது தூங்குவதுபோல் இருக்கிறார்கள். கேசினோவைப் பற்றி ஊரில் பரவும் கதைகள் வென்றவர் வாயிலிருந்தே வருவதற்குக் காரணம் இதுதான்.

வரியை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. காயின் வாங்கும் தொகையின் மீது 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதமும், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமும் ஜிஎஸ்டி. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி தனி. தோற்றதை அதில் கழித்துக்கொள்ள முடியாது.

நுழைவுச்சீட்டோடு தருகிற ‘ஓடிபி’ காயினையும் பார்த்துவிடலாம். ஒரே முறை ஆடத்தான் அது செல்லும்; காசாக மாற்ற முடியாது. 1000 ரூபாய் ஓடிபியைச் சிவப்பில் வைத்து ஜெயித்தால் 1000 கிடைக்கும், ஓடிபி போய்விடும், தோற்றாலும் போய்விடும். ஆக அதன் உண்மை மதிப்பு 500 ரூபாய்க்கும் குறைவு. லாரிப் பையன் அதைத்தான் முதலில் வைத்து ஜெயித்தான். கைக்கு வந்த அசல் காயினைப் படகேறும்வரை பையில் வைத்திருக்க அவனால் முடியவில்லை. இலவசமாகக் கொடுப்பதன் பயன் அங்கேதான் தெரிகிறது.

இரவுச் சாப்பாட்டின்போது நான் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். “மாப்ள, ஆயிரம் அடி ஓட்டறோம், தண்ணி வருமா வராதான்னு எவனுக்குத் தெரியும்? நீ மரவள்ளி போட்டியே, ஆலைக்காரன் என்ன வெல சொல்லுவான்னு தெரிஞ்சா போட்டே? வெள்ளாமையே சூதாட்டந்தான். இதுக்கு மட்டும் ஏன் பயப்படறே?”

கேசினோவுக்கு ஆதரவாக எங்கள் பக்கம் சொல்லப்படும் வாதங்களில் இதுதான் வலுவானது. இதற்குள் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பெரும்பகுதி, கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளிக்குப் போய்விட்டது. ஒரு தானியம் பொய்த்தால் இன்னொன்று கஞ்சிக்கு வரும் என்ற ஏற்பாடு குலைந்தது. ஒரே பயிர், அதைக் கீழே ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றினால்தான் காசு, விலை நம் கையில் இல்லை. கடன் வாங்கி இப்படிப் பயிர் வைக்கிறவன் சூதாடியின் நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான் என்பதை நான் மறுக்கமாட்டேன். அது விவசாயத்தில் திருத்த வேண்டிய கோளாறு. அதைக் காட்டிக் கேசினோவுக்கு நியாயம் தேட முடியாது.

மழை எனக்கு எதிராக ஆடுவதில்லை. நான் தோற்றால் மழைக்கு லாபம் எதுவும் இல்லை. காப்பிக்கு நடுவே மிளகு ஏற்றலாம். மிளகைக் காய வைத்துச் சாக்கில் கட்டி, விலை வரும்வரை வைத்திருக்கலாம். வாய்ப்பை நம் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க இப்படிப் பல வழி உண்டு. ஒரு வருஷம் நட்டம் என்றாலும் கொடி மரத்தில் இருக்கும். ரூலெட் மேசையிலோ எவ்வளவு உழைத்தாலும் 37 குழி 36 ஆகாது; ஆட்டம் முடிந்தபின் மிஞ்சுவதும் ஒன்றுமில்லை.

மாமா சொன்ன போர்வெல்லையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கு இவ்வளவு என்று ரிக் வண்டிக்குக் கூலி உண்டு. வெறும் புழுதி பறந்தால் நட்டம் நிலத்துக்காரனுக்கு. தன் தொழிலில் மாமா நிற்பது கேசினோக்காரர் நிற்கும் பக்கத்தில். கப்பலுக்குப் போனதும் நிலத்துக்காரன் பக்கத்துக்கு மாறிவிட்டார். அப்படி மாறியது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

பொழுதுபோக்குச் செலவு என்ற நியாயம் உடைவதும் அவரை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. முதல் ஒரு மணி நேரம் அவர் 500 ரூபாயாக வைத்தார். ஜெயித்தபோதும் தோற்றபோதும் கொட்டாவிதான். 500 ரூபாய் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு தொகை ஏறியது. பத்தாயிரத்தைத் தாண்டியதும்தான் கை தாடையில் போய் நின்றது, கண் குண்டைவிட்டு அகலவில்லை. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையில் பரபரப்பு கிடையாது. பரபரப்பு வேண்டுமென்றால், போனால் வலிக்கிற தொகையை வைத்தாக வேண்டும். சினிமா டிக்கெட் 200 ரூபாய் என்றால் அந்த 200க்குள் முழுப் படமும் கிடைக்கும். இடைவேளையில் டிக்கெட் விலையை நாமே ஏற்றிக் கட்டினால்தான் மீதிப் படம் ருசிக்கும் என்ற நிலை அங்கே இல்லை. கேசினோவில் வரம்பு கட்டி ஆடுகிறவன் போன காரியத்தை அடைவதில்லை. காரியத்தை அடைந்தவன் வரம்பைத் தாண்டியிருப்பான். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்பதுதான் அங்கே விற்கப்படும் நம்பிக்கை.

நம் மரபில் சூதாடி ஒருவரை அடியார் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள் என்று சிலர் நினைவூட்டுவார்கள். சேக்கிழார் பாடிய மூர்க்க நாயனார் திருவேற்காட்டுக்காரர். அடியார்களுக்கு அமுது படைத்துச் சொத்தெல்லாம் தீர்ந்தபின், கற்றிருந்த சூதை எடுத்தார். ஊரில் அவரோடு ஆட ஆளில்லாமல் போகவே, தலம் தலமாகப் போய்க் கும்பகோணம் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்பார், பின் ஆட்டங்களில் வெல்வார். மறுத்தவர்களைச் சுரிகையால் குத்துவார். வந்த பொருளைத் தாம் தொடாமல் சமைப்பவர் கையில் சேர்த்துவிட்டு, கடைசிப் பந்தியில் உண்பார். சேக்கிழார் அவருடைய கொடையைப் போற்றுகிறார். ஆட்டத்தின் நிலவரத்தையும் மறைக்கவில்லை. விட்டுப் பிடிக்கத் தெரிந்த கைதேர்ந்த ஆட்டக்காரர் அவர். தொடர்ந்து ஜெயிக்க வேண்டுமானால் தொடர்ந்து தோற்க ஆள் வேண்டும் என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. நாயனார் தோற்பவர்களைத் தேடி ஊர் ஊராக நடந்தார். இன்று கப்பல் ஆற்றில் நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. தோற்பவர்கள் திருச்செங்கோட்டிலிருந்து தாங்களே செலவு செய்து போய்ச் சேர்கிறார்கள்.

நம் சட்டத்தின் கோணலையும் சொல்ல வேண்டும். கேசினோவில் அந்தர் பாகர் என்று ஆடப்படுவது நம் ஊர் உள்ளே வெளியே, அதாவது மங்காத்தாதான். முதல் சீட்டு விழும் பக்கம் ஜெயிக்க 100க்கு 51.5 வாய்ப்பு, அதனால் அந்தப் பக்கம் 1000 வைத்து ஜெயித்தால் வழக்கமாக 900தான் தருவார்கள். இதையே ராசிபுரம் பக்கம் புளியமரத்தடியில் ஆடினால் 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டப்படி, பணம் வைத்துச் சூதாடிய ஐவர் கைது என்று பேப்பரில் வரும். கோவாவில் 1976ஆம் வருஷத்துச் சட்டத்தை 1992இல் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திரச் சூதையும், 1996இல் திருத்திக் கப்பல் சூதையும் அனுமதித்தார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்தைத் தள்ளிவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. கெடுதல் பந்தயப் பணத்தில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. அந்த அளவுகோல் கைபேசிக்குப் பொருந்துமென்றால் கப்பலுக்கும் பொருந்தும்.

கேசினோவுக்கு எதிரான மிக வலுவான சாட்சி கேசினோ நடத்தும் அரசுகளே. 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் கோவாவின் கேசினோக்களில் ஆடப் போகக் கூடாது. நேபாளத்தில் நேபாளிகளுக்கு அனுமதியில்லை. தென்கொரியாவில் இருக்கும் பல கேசினோக்களில் கொரியர்கள் நுழையக்கூடியது காங்வோன் லேண்ட் ஒன்றில் மட்டும். சிங்கப்பூரில் 2010இல் இரண்டு கேசினோக்கள் வந்தபோதே, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவுத் தீர்வை போட்டார்கள். 2019இல் அதை 150 ஆக்கினார்கள். வெளிநாட்டுப் பயணிக்கு அந்தத் தீர்வை கிடையாது. வெறும் பொழுதுபோக்காக இருந்தால் தன் மக்களுக்கு எதற்காக இவ்வளவு தடுப்பு? வேலையும் வருமானமும் கிடைக்கின்றன என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், அந்த வருமானம் வெளியூர்க் குடும்பங்களிடமிருந்தே வரட்டும் என்று திட்டமிட்டுக் கதவு வைத்திருக்கிறார்கள். அந்த வெளியூரில் நாமும் அடக்கம்.

ஆகவே என் தீர்ப்பு: கேசினோப் பயணத்தின் பரபரப்பு உண்மையானது, ஆனால் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லும் நியாயம் நிற்காது. அதன் விலை முன்கூட்டித் தெரிவதில்லை. விலை வலித்தால்தான் பொருள் கைக்கு வருகிறது. ஒருமுறை போய்ப் பார்த்து, சாப்பிட்டு, ஓடிபியை ஆடிவிட்டுத் திரும்புகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். வருஷா வருஷம் கூட்டம் சேர்த்துக்கொண்டு போவதை, அதிலும் சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் பையன்களை இழுத்துக்கொண்டு போவதை, தவறு என்றே சொல்வேன்.

முழுத் தடை வரும்வரை செய்யக்கூடிய ஒரு காரியம் சிங்கப்பூரில் நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஒருவருடைய சூதால் பாதிக்கப்பட்ட மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ மனுக் கொடுத்து, அவர் கேசினோவுக்குள் நுழைய முடியாதபடி தடையுத்தரவு வாங்கலாம். நாமக்கல்லிலும் பைல் நாட்டிலும் இருக்கும் பெண்கள், தங்கள் வீட்டு ஆணின் பெயரைக் கொடுத்து மாண்டோவிக் கரையிலேயே அவரை நிறுத்தும் உரிமையைக் கோவா சட்டம் தர வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு தமிழக அரசுக்கு இருக்கிறது.