ஆள்தலும் ஆளும்: ஒரு வேர்ச்சொல் மயக்கம்

‘ஆள்’ என்னும் வினை ‘ஆள்’ என்னும் பெயரினின்று பிறந்தது, ஆள்பவனே ஆள் என்பது பலரும் கூறும் விளக்கம். கேட்க இனிது, ஆயினும் தெலுங்குச் சான்று இதற்கு இடந்தரவில்லை. தமிழில் சொன்முதல் ‘யா’ யகரம் கெட்டு ‘ஆ’ ஆகுமிடத்துத் தெலுங்கு ‘ஏ’ கொள்ளும்: யாறு – ஏறு, யாண்டு – ஏடு. (ஆம்பூரில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டு நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் ஆட்சியாண்டை ‘யாண்டு’ என்றே பொறிக்கின்றன.) ஆளுதலுக்குத் தெலுங்கில் ‘ஏலு’ என்றிருத்தலின், வினையின் மூலவடிவை ‘யாள்’ என மீட்டுருவாக்கலாம். பெயருக்கோ அங்கு இனச்சொல் ‘ஆலு’, அதாவது மனைவி. பரோ–எமனோ அகராதி (1984) இரண்டையும் வெவ்வேறு பதிவுகளில் வைக்கிறது. கன்னடத்தில் இரண்டும் ‘ஆளு’ என ஒன்றிவிட்டமையால் அதை மட்டும் நோக்குவோர் மயங்குவது இயல்பே.

வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் இவ்வேறுபாடு வெறும் ஒலியியற் செய்தியன்று. ‘நாலு ஆள் வேண்டும்’ என்பதில் உள்ளது பெயர். கூலிக்கு எண்ணப்படும் தலை அது. ஏவலாள், அடிமை என்னும் பொருள்களும் அப்பெயருக்கு உண்டு. ‘ஆட்கொள்ளுதல்’ அவ்வழிப் பிறந்தது. ‘ஆண்டை’யில் இருப்பது வினை. ‘முதலாளி’யிலும் அதுவே. ‘தொழிலாளி’யைத் ‘தொழில் செய்யும் ஆள்’ எனப் பிரிப்போர் உளர், அது பிழை. தோலைப் பதப்படுத்துபவர் தொழிலை ஆள்பவர். ‘-ஆளி’ இரு சொற்களிலும் ஒன்றே.