சேமிப்புப் பிரசாரமும் சித்திரப் பாத்திரங்களும்

சிறுவரைச் சேமிக்கத் தூண்டும்பொருட்டு வங்கிகள் சித்திரப் பாத்திரங்களைக் கையாளுவது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். சிங்கப்பூர் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் அணில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவை பார்வைக்குத் தீங்கற்றவை. ஆயினும், குழந்தைகளுக்கென ஆக்கப்படும் எப்படைப்பும் ஓர் உலகநோக்கினை உட்கொண்டே பிறக்கின்றதாதலின், இப்பாத்திரங்களும் திறனாய்வுக்கு உரியனவே.

இவ்வகையில் முன்னோடியாக அமைவது, ஏரியல் டோர்ப்மனும் ஆர்மண்ட் மற்றலாரும் 1971 இல் சிலியில் வெளியிட்ட, டொனால்ட் டக் பற்றிய நூலாகும். டிஸ்னி சித்திரக்கதைகளில் செல்வம் உண்டு, அதனை ஆக்கும் உழைப்பாளி இல்லை என்பது அவர்தம் முடிபுகளுள் ஒன்று. 1947 இல் கார்ல் பார்க்ஸ் படைத்த ஸ்குரூஜ் மக்டக் என்னும் செல்வந்த வாத்து, 1967 இல் வெளிவந்த குறும்படமொன்றில் சிறுவர்க்குப் பணத்தைப் பற்றிப் போதிக்கும் ஆசானாகவும் ஆயிற்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இப்பாத்திரங்களின் பயன் யாது? அவுஸ்திரேலியாவில் கொமன்வெல்த் வங்கி 'டொலர்மைட்ஸ்' என்னும் பாத்திரங்களைக் கொண்டு பாடசாலைச் சேமிப்புத் திட்டத்தை நடத்தியது. இத்தகைய திட்டங்கள் தம்மளவில் சேமிப்புப் பழக்கத்தை வளர்ப்பதாக நிறுவப்படவில்லை என்றும், சிறுவர் விளம்பர உத்திகளுக்கு ஆளாக்கப்படுகின்றனர் என்றும் அந்நாட்டின் நிதிக் கண்காணிப்பு ஆணைக்குழு 2020 இல் கண்டது.

இவ்வினாவை நம் மண்ணில் வைத்து நோக்குவோம். திருகோணமலைக்கு வடக்கே, கடலும் களப்பும் சூழ்ந்த இறக்கக்கண்டியில் கடற்றொழிலே பலருக்கு வாழ்வாதாரம். கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிக்கும், வருவாய் சுருங்கும். 2004 இல் ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியது. மாதந்தோறும் தவறாது காசிடும் சித்திரச் சிறுவனோ சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனை இலட்சியமாகக் காட்டுமிடத்து, பருவமும் சந்தையும் தோற்றுவிக்கும் வறுமை, மீனவக் குழந்தையின் ஒழுக்கக்குறையாகத் திரிபடைகின்றது. மீனைக் கருவாடாக்கி வைப்பதும் சீட்டுப் பிடிப்பதும் சேமிப்பே என்பதை அச்சித்திரம் அறியாது.

சேமித்த காசு செல்லும் வழியும் அதில் மறைக்கப்படுகின்றது. 1971 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்து 1972 இல் செயற்படத் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கி, தன் வைப்புகளில் 60 சதவீதத்துக்குக் குறையாத பகுதியை அரசாங்கப் பிணையங்களில் இடவேண்டும். ஆகவே உண்டியற் காசு அரசின் கடனாகின்றது. வைப்புக்கு அரசு பொறுப்பு நிற்கும். காசின் பெறுமதிக்கோ எவரும் பொறுப்பில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்குப் பெற்ற பொருட்களுக்கு ஏறத்தாழ 170 ரூபா தேவைப்பட்டது. அறிவுரையை வழுவாது பின்பற்றிய பிள்ளையே இதனால் இழப்புற்றது.

இதனாற் சேமிப்பு வேண்டாம் என்பது கருத்தன்று. மாரிக்கு எனச் சிறிது ஒதுக்குவதன் அருமையை மீனவக் குடும்பம் நன்கறியும். சித்திரமும் ஆற்றல் வாய்ந்த ஊடகமே. ஆயின் அது, காசு எவர் உழைப்பில் வந்தது, மீனின் விலையை எவர் நிர்ணயிக்கின்றனர், வைப்பு எங்கே செல்கின்றது என்னும் வினாக்களைப் பிள்ளை எழுப்பத் துணைபுரிய வேண்டும். கேள்வி கேட்கத் தெரியாத பாத்திரத்திடம் நம் குழந்தைகள் கற்கக்கூடியது கீழ்ப்படிவு ஒன்றே.